ஐந்துகால் பின்னல்

இட்லி சாப்பிட்டாயிற்று. காபியும் குடித்தாயிற்று. இனிமேல் சொல்லிவிடலாம் என்று அமலோற்பவம் வாயைத் திறக்கும்போது பஸ் சத்திரம் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்து காவிரிப் பாலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. பாலத்தில் போகும்போது யாரும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, எல்லாரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், அதனால் பாலம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலோரத்தில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை, பையின் மேல் இரண்டு கைகள், கைகளின் மேல் வெயில். காலை எட்டு மணிக்குப் பெண்கள் சிறையின் பெரிய கதவில் உள்ள சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தவள், நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எப்படி இருக்கா டீச்சர்?" என்பதுதான். "நல்லா இருக்கா" என்று அமலோற்பவம் சொன்னாள். அது பொய் இல்லை. பாப்பா நன்றாகத்தான் இருந்தாள். எங்கே இருக்கிறாள் என்று செங்கமலம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று பரீட்சையில்கூடக் கிடையாது. இப்படி ஒரு நியாயத்தை அமலோற்பவம் இட்லிக் கடையிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தாள். சட்னி தீர்வதற்குள் அந்த நியாயம் கெட்டுப்போயிற்று. பாப்பா கருக்காமேட்டு வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. இருபத்தாறு நாளாக இல்லை. அவளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனது அமலோற்பவம்தான்.

வாசலில் எதுவும் சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அவர்கள் என்றால் மூன்று பேர். பாலக்கரையில் ஒரு அச்சகத்தின் மாடியில் ஒரு மேஜை, ஒரு பீரோ, 'வழித்துணை' என்று எழுதிய ஒரு பலகை. சிறையிலிருந்து வெளியே வருகிற பெண்களைக் கதவருகே நின்று அழைத்து, பஸ் ஏற்றி, வீடு வரை கொண்டுபோய் விடுவது வேலை. அதிலும் குறைந்த நாள் தண்டனைக்காரர்கள்தான் அவர்கள் கணக்கு. வருஷக்கணக்கில் இருப்பவர்களுக்குத் தையல் சொல்லித் தருவார்கள், ரொட்டி சுடச் சொல்லித் தருவார்கள், யாராவது வந்து யோகா கூடச் சொல்லித் தருவார்கள். ஒன்றரை மாதத்துக்கு வந்தவளுக்கு எதுவும் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. இழப்பதற்கு மட்டும் தாராளமாக நேரம் இருக்கும். வாடகை வீடு போகும், பார்த்த வேலை போகும், கோழி போகும், ஊர் வாய் திறக்கும். விதியை உண்டாக்கியதும் அமலோற்பவம்தான். பால்வாடியில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்று இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம், ஒரு பெண்ணிடம் கதவருகிலேயே, "உங்கம்மா போன மாசம் தவறிட்டாங்கம்மா" என்று சொன்னாள். மறைக்கக் கூடாது என்று நினைத்துச் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. திரும்பி, தான் வெளியே வந்த சின்னக் கதவை ஒரு விரலால் தட்டினாள். "சார், உள்ள விட்டுருங்க சார்" என்றாள், ஏதோ கடையில் சில்லறை கேட்பது போல. அந்தத் தட்டல் சத்தம் இன்றைக்கும் அமலோற்பவத்தின் காதில் இருக்கிறது. இரும்பில் நகம் படுகிற சத்தம், ரொம்பச் சின்னச் சத்தம். அன்று வைத்த விதி: வாசலில் சொல்லாதே, வெறும் வயிற்றில் சொல்லாதே. எப்போது சொல்லக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. எப்போது சொல்ல வேண்டும் என்று அதில் எழுதவில்லை. எட்டு வருஷமாக அந்த ஓட்டை அவள் கண்ணில் படவில்லை.

பாலம் முடிந்தது. திருவானைக்கோவில் வந்தது, கொள்ளிடப் பாலம் வந்தது, சரி இதுவும் பாலம்தான். கண்டக்டர் வந்தார். செங்கமலம் சட்டென்று எழுந்து நின்றாள், பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. காக்கிச் சட்டை. "உக்காரும்மா, டிக்கெட் போடத்தான் வந்திருக்கேன், மாலை போட இல்ல" என்றார் அவர். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை. அமலோற்பவம் முழங்கையைத் தொட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து நாள். ஒரு மண்டலத்துக்கு மூன்று நாள் குறைவு. மண்டலம் என்று பெரியவர்கள் சும்மா வைக்கவில்லை போலிருக்கிறது, ஒரு பழக்கம் உடம்பில் ஏறுவதற்கு அவ்வளவு நாள் போதும், மருந்தாக இருந்தாலும் சரி, பயமாக இருந்தாலும் சரி. "எங்கம்மா?" "ரெண்டு கருக்காமேடு" என்றாள் அமலோற்பவம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. டோல்கேட்டுக்கு வாங்கியிருக்கலாம், இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். கருக்காமேடு என்று சொன்னதும் செங்கமலத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. ஊர்ப் பெயரை வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்கிற வெளிச்சம். இதுவரை மறைத்தது வாயால். இது அச்சடித்தது, இரண்டு டிக்கெட், உள்ளங்கை வியர்வையில் நனைந்துகொண்டிருக்கிறது. முழங்கால் வலித்தது. வலது முழங்கால், படி ஏறினால் வலிக்கும், பொய் சொன்னாலும் வலிக்குமா என்ன. "டீச்சர், இந்த சன்னலைத் தொறந்துக்கலாமா?" என்று செங்கமலம் கேட்டாள். "திற, யாரைக் கேக்கணும்" என்றாள் அமலோற்பவம். செங்கமலம் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, தள்ளிய கையைச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள், யாராவது அதட்டுகிறார்களா என்று பார்க்கிற மாதிரி.

அவள் செய்த குற்றம் என்ன என்று யாராவது கேட்டால் அமலோற்பவத்துக்கு இரண்டு வரியில் சொல்லிவிட முடியும். கடை மூடுகிற நாளுக்கு முன்னால் மது பாட்டில்களை வாங்கிப் பதுக்கி வைத்து, மறுநாள் கூடுதல் விலைக்கு விற்பது. வாங்கியது அவள் புருஷன் பரமன், விற்றதும் பரமன், அரிசிப் பானைக்குப் பின்னால் பாட்டில்கள் இருந்தபோது வீட்டில் இருந்தவள் செங்கமலம். "பொம்பளைன்னா எச்சரிச்சு விட்டுருவாங்க, ஒத்துக்கிட்டு வந்துரு" என்று பரமன் சொன்னான். ஒத்துக்கொண்டாள். விடவில்லை. கோர்ட்டுக்குப் போகும்போது பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டு, அம்மா வாழைக்காய் வெட்டுக்கு வெளியூர் போகிறேன், வரும்போது ரிப்பன் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பத்தொன்பதாம் நாள் அமலோற்பவம் கருக்காமேட்டுக்குப் போனாள். உள்ளே இருப்பவளின் வீடு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்து வருவது அவர்கள் வழக்கம். வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதிப் போட்டால் உள்ளே இருப்பவள் அன்றைக்குச் சாப்பிடுவாள். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது, கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பரமன் வாழைத்தார் லாரியோடு கேரளாப் பக்கம் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பாப்பா வாசற்படியில் உட்கார்ந்து, கவுன் மடியில் பச்சரிசியை வைத்து, ஒவ்வொரு மணியாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தால் கொதித்தது. பள்ளிக்கூடத்தில் தன்ஷிகா, வீட்டில் தனு, வயது ஆறு. இடுப்பு வரை முடி, எண்ணெய் காணாமல் வைக்கோல் மாதிரி. "நான் யார் கூடவும் போகமாட்டேன், அம்மா திட்டும்" என்று சொல்லிக்கொண்டே தூக்கக் கையை நீட்டினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தபோது கழுத்தில் பட்ட மூச்சின் சூடு. செய்தது சரி. நூறு முறை யோசித்தாலும் சரி. ஜுரம் அடிக்கிற குழந்தையைப் பூட்டிய வீட்டு வாசலில் விட்டுவிட்டு வர முடியுமா. குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொன்னது சரி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது சரி. எல்லாம் சரி, அந்தப் படிவம் வரைக்கும்.

படிவம். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு பக்கம்தான், பழுப்புத் தாள். 'தாய்' என்று போட்டு நாலு கட்டம்: உயிருடன் இல்லை, காணவில்லை, சிறையில், பராமரிக்க இயலாதவர். சிறையில் என்ற கட்டத்தில் அமலோற்பவம் டிக் போட்டாள். கட்டத்துக்கு வெளியே போகாமல், சுத்தமாக. இருபத்தாறு வருஷம் வருகைப் பதிவேடு எழுதிய கை. எத்தனை நாள் என்று கேட்க அங்கே கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதத் தோன்றவில்லை. அவள் பையிலேயே சின்ன நோட்டு இருந்தது, நோட்டில் செங்கமலம் வெளியே வருகிற தேதி இருந்தது, சிவப்பு மையில் வட்டம் போட்டு. படிவத்தின் ஓரத்தில் இடமும் இருந்தது, இரண்டு விரல் அகலம். இன்னும் இருபத்துமூன்று நாளில் வந்துவிடுவாள் என்று அதில் எழுதியிருந்தால் குழந்தையை ஊரிலேயே தற்காலிக இல்லத்தில் வைத்திருப்பார்கள். இதைக் குழுவில் இருந்தவர்களே பிறகு சொன்னார்கள், குத்தலாகக்கூட இல்லை, "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா, நாங்க லாங் டெர்ம்னு நினைச்சுட்டோம்" என்று. சிறை என்றால் அவர்களுக்குப் பதினாலு வருஷம். தனு மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய ஊரில், வேறு மாவட்டத்தில், நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் இருக்கிற ஒரு காப்பகத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வர வேண்டுமானால் தாய் மனு கொடுக்க வேண்டும், வீட்டை வந்து பார்க்க வேண்டும், இரண்டு மாவட்டமும் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு மாதம். அம்மாவுக்கு நாற்பத்தைந்து நாள் கொடுத்தார்கள். மகளுக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தது யார். இரண்டு விரல் அகலம். எழுதினால் நாலே வார்த்தை. பேனாவில் மை இருந்தது.

நொச்சியத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். இவ்வளவு நல்ல அமைதி இனிக் கிடைக்காது. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அமலோற்பவம் திரும்பினாள். செங்கமலம் மஞ்சள் பையின் காதிலிருந்து பிரிந்த நூல்களை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் ஏதோ செய்துகொண்டிருந்தாள். "டீச்சர், இதைப் பாருங்க. மூணுகால் பின்னல் எல்லாரும் போடுவாங்க. இது அஞ்சு கால். உள்ள மேலூர்க்கார அக்கா ஒண்ணு இருந்துச்சு, அது கத்துக் கொடுத்துச்சு. ஓரத்துக் காலை எடுத்து ஒண்ணுக்கு மேல, ஒண்ணுக்குக் கீழ, நடுவுல கொண்டு வந்து விட்டுரணும். அப்புறம் அந்த ஓரம். முதல்ல வரவே இல்ல. அந்தக்கா சொல்லும், ஏண்டி, பாட்டில் ஒளிக்கத் தெரியுது, இது தெரியலையான்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்புறம் புடிச்சுக்கிட்டேன். எங்க பிளாக்ல பன்னண்டு பேரு. தெனம் சாயந்திரம் பன்னண்டு பேருக்கும் நான்தான். ஒரு பாட்டிம்மாவுக்கு இத்தனூண்டு முடி, அதுலயும் அஞ்சு காலு போட்டு விட்டேன். வார்டர் அம்மாகூடக் கேட்டுச்சு." அமலோற்பவம், "நல்லாயிருக்கே" என்றாள். "எல்லாம் தனுவுக்குத்தான் பழகுனேன். அவளுக்கு அடர்த்தி டீச்சர், கைக்குள்ள அடங்காது. பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் வச்சு விட்டுச்சோ என்னமோ. இன்னைக்கிப் போனதும் சுடுதண்ணி வச்சுத் தலைக்கு ஊத்தி, காய வச்சு, அஞ்சுகால் பின்னி நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பணும். மத்த புள்ளைங்க வாயைப் பொளக்கணும். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுதானே?" "உண்டு" என்றாள் அமலோற்பவம். கேட்டைத் தாண்டி ரயில் போயிற்று, சரக்கு ரயில், முடிவே இல்லாமல் பெட்டி பெட்டியாக. எண்ணத் தொடங்கினாள். முப்பத்தெட்டு வரை எண்ணினாள். கேட் திறந்தது.

முடி. அதுதான். குழந்தை வேறு இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும், அதற்கு வார்த்தைகள் உண்டு, குழு உண்டு, மனு உண்டு, குழு கூடுகிற வெள்ளிக்கிழமை உண்டு. முடியை எப்படிச் சொல்வது. போன வியாழக்கிழமை காப்பகத்துக்குப் போயிருந்தபோது வரிசையில் நின்ற பிள்ளைகளில் தனுவைத் தேடினாள், தெரியவில்லை. எல்லாம் மொட்டைத் தலைகள். "பேன் ஜாஸ்திங்க, ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வருது" என்று அங்கே இருந்த அம்மாள் சொன்னாள். கெட்ட மனுஷி இல்லை. இரவு ஜுரம் வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் போலத்தான் தெரிந்தாள். நூறு தலைக்கு இரண்டு கை. அமலோற்பவத்துக்குப் பேன் தெரியும். பால்வாடியில் சனிக்கிழமை சனிக்கிழமை முப்பது தலை வாரியிருக்கிறாள், வேப்பெண்ணெய் தடவித் துணி கட்டி, ஈர்வலி போட்டு. ஒரு முடிகூட வெட்டியதில்லை. ஆனால் முப்பது வேறு, நூறு வேறு. யாரையும் குற்றம் சொல்ல முடியாத இடங்களில்தான் நெஞ்சு அதிகமாக வலிக்கிறது, குற்றத்தைக் கொண்டுபோய் எங்கேயாவது இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல் கூட இல்லாமல். வரிசையிலிருந்து ஒரு மொட்டைத் தலை முன்னால் வந்து அவள் புடவையைப் பிடித்தது. வாங்கிப் போன பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. தன் தலையை உள்ளங்கையால் ஒருதரம் தடவிக்கொண்டு, "அம்மா வந்தா நான்தான்னு தெரியுமா டீச்சர்?" என்று கேட்டது. தெரியும் என்று சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டது. ஆறு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான், முதல் பதிலோடு விட மாட்டார்கள். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது, குழந்தை ஓடிவிட்டது. மணி அடித்ததற்காக அன்றைக்கு அவள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். அதையும் நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வாத்தலையில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. இரண்டு பக்கமும் வாழை. பஸ்ஸுக்குள் ஈரமண் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வந்தன, அவற்றுக்கு நடுவே செங்கமலத்திடமிருந்து சிறையின் மலிவு சோப்பு வாசனை. இன்னும் இருபது நிமிஷம். கருக்காமேட்டில் இறங்கினால் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நூறடி. அந்த நூறடியையும் அவள் ஓடுவாள். ஓடிக்கொண்டே, "தனு" என்று கூப்பிடுவாள். பூட்டிய கதவு. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வருவாள், "டீச்சர் சொல்லலையா" என்பாள். அந்த ஒரு கேள்வி. அது வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று பார்த்தாள். செங்கமலம், ஒரு விஷயம். வேண்டாம், ஒரு விஷயம் என்று தொடங்கினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பாப்பா பத்திரமாக இருக்கிறாள். பத்திரமாக என்று சொன்னாலே ஏதோ நடந்துவிட்டது என்று ஆகிவிடும். உனக்கு என் மேல் கோபம் வரலாம். ஏன், கோபம் வரட்டும், அது ஒரு பெரிய விஷயமா, அவள் கோபத்தைப் பற்றியா இப்போது உனக்குக் கவலை, கிழவி. பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது நரி ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற இடம் வந்தால் நிறுத்திவிட்டு, அப்புறம் என்னாச்சு சொல்லுங்க என்று பிள்ளைகளிடமே கேட்பாள். அவர்களே காப்பாற்றிவிடுவார்கள். எப்போதும் காப்பாற்றிவிடுவார்கள். செங்கமலம் வெளியே கையை நீட்டி, "அந்தத் தோப்புலதான் டீச்சர் நான் கட்டு சுமப்பேன். எனக்குப் பதிலா ஆள் போட்டிருப்பாங்க" என்றாள். அப்புறம், திரும்பாமலே, "நீங்க பாப்பாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்றாள்.

"போன வியாழக்கிழமை" என்றாள் அமலோற்பவம். அது உண்மை. உண்மை ஒன்று வெளியே வந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்துவிட்டது, அவள் எத்தனையோ விதமாக அடுக்கி வைத்திருந்த எந்த வரிசையிலும் இல்லாமல். "கருக்காமேட்டுல இல்ல செங்கமலம். காப்பகத்துல. ஜுரமா தனியா இருந்தா, நான்தான் எடுத்துட்டுப் போனேன். இப்ப ஜுரம் இல்ல. என் தப்பு, நீ எப்ப வருவேன்னு எழுதாம விட்டுட்டேன், அதனால தூரமாப் போட்டுட்டாங்க." இவ்வளவுதான். நாற்பது நிமிஷமாகச் சுமந்தது ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. செங்கமலம் நூலைப் பின்னிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்தவில்லை. ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ். "தனியான்னா?" "பக்கத்து வீட்ல கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க." "அவுரு?" "லோடுக்கு." "எத்தன நாளு?" "ரெண்டு நாள் இருக்கும்." "ராத்திரி?" அமலோற்பவம் கையிலிருந்த டிக்கெட்டுகளை மடித்தாள். விரல்கள் நின்றன. கத்துவாள், அடிப்பாள், கதவைத் தட்டுவாள் என்று அமலோற்பவம் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. செங்கமலம் எழுந்து நின்றாள். காக்கியைக் கண்டு நின்றது போல இல்லை இது. "அங்க போனாப் பாக்க விடுவாங்களா?" "வெள்ளிக்கிழமை குழு கூடும். அனுமதிக் கடிதம் வாங்கணும். இன்னைக்கு புதன்." "விடலைன்னா வாசல்ல நிக்கிறேன். வாசல் எனக்குத் தெரியும்" என்றாள். "நாப்பத்தஞ்சு நாளு எனக்குன்னு ஒருத்தரும் வாசலுக்கு வரல, நீங்கதான் வந்தீங்க. அவ அப்படி இருக்கக் கூடாது. கண்டக்டர், நிறுத்துங்க." கண்டக்டர், "கருக்காமேடு இன்னும் வரலம்மா" என்றார். "தெரியும். நிறுத்துங்க."

குணசீலத்துக் கைகாட்டியில் இறங்கினார்கள். கோயிலுக்கு வந்தவர்கள் கூட்டமாக நின்றார்கள்; மனசு சரியில்லாத பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்த தாய்மார்கள், உச்சிகாலத்தில் முகத்தில் தீர்த்தம் தெளித்தால் தெளிந்துவிடும் என்று நம்பி ஒரு மண்டலம் தங்குகிறவர்கள். திருச்சி பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். சாலையைக் கடக்கும்போது செங்கமலம்தான் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள், முழங்காலைப் பார்த்து. "மெதுவா டீச்சர்" என்றாள். திட்டியிருக்கலாம் இவள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அமலோற்பவத்துக்கு உடம்பு லேசாக இருந்தது, சொல்லிவிட்டாயிற்று, பெரியது போய்விட்டது. லேசாக இருக்கிறதே என்று ஒரு கணம் நினைத்தாள், அப்போதுதான் போகாமல் அடியில் தங்கிவிட்டது எது என்று தெரிந்தது. செங்கமலம் நடைபாதையில் வளையலும் ரிப்பனும் பரப்பியிருந்த ஒரு அம்மாளின் முன்னால் குந்தியிருந்தாள். ரிப்பன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தானே போனாள். சிவப்பை எடுத்தாள், வைத்தாள், ரோஸை எடுத்தாள். "அஞ்சுகால் பின்னி, நடுக்கால்ல ரிப்பனைச் சேத்து விட்டா அடி வரைக்கும் ஓடும்" என்று கடைக்கார அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் ரிப்பன் உருளையைப் பிரித்து, முழங்கையில் அளக்க நீட்டி, கத்தரிக்கோலைத் திறந்து வைத்துக்கொண்டு, "புள்ளைக்கு முடி எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள்.

செங்கமலம் கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டினாள். "இது வரைக்கும். இப்ப இன்னும் வளந்திருக்கும். வியாழக்கிழமை பாத்தீங்கல்ல டீச்சர், எவ்வளவு இருக்கு?" இரண்டு பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். வெயில் சுள்ளென்று தலையில் இறங்கியது. இரண்டு விரல் அகலம் இடம் இருந்தது, பேனாவில் மை இருந்தது. அமலோற்பவம், "கொஞ்சம் கூடவே வெட்டுங்கம்மா" என்றாள். "முடிதானே. வளரும்."

செங்கமலம் சிரிக்கத் தொடங்கி, நிறுத்தினாள். அமலோற்பவத்தின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இடுப்பில் இருந்த கை மெதுவாக மேலே ஏறியது. முதுகின் நடுவில் நின்றது, கேட்டது. தோளுக்கு வந்தது. அங்கேயும் நின்றது. காதுக்கு வந்தது; அங்கே ரொம்ப நேரம் நின்றது. பிறகு உச்சந்தலைக்குப் போய், உள்ளங்கை விரிந்து, அப்படியே படிந்துகொண்டது. கடைக்கார அம்மாள் ரிப்பனை நீட்டிப் பிடித்தபடி, "எந்த அளவும்மா?" என்று மறுபடியும் கேட்டாள்.